டோக்கெலாவ்

டோக்கெலாவ் என்பது தென் பசிபிக் பெருங்கடலில், சமோவாவுக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள பொலினீசியத் தீவு ஆட்புலம் ஆகும். அத்தாஃபு, நுக்குனோனு, ஃபக்காவோஃபோ என்னும் மூன்று பவளத்தீவுகளைக் கொண்டது. மூன்றின் நிலப்பரப்பையும் ஒன்றாகக் கூட்டினாலும் ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர்தான் தேறும். 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வழக்கமாக வசிப்போர் 1,499 பேர். நியூசிலாந்தின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி என்பதால் மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமை உடையவர்கள். புழங்கும் பணமும் நியூசிலாந்து டாலரே.

டோக்கெலாவுக்குத் தலைநகரம் கிடையாது. விமான நிலையமோ, கப்பல் அணையும் துறைமுகமோ கிடையாது. ஐக்கிய நாடுகள் அவையின் 'தன்னாட்சி பெறாத ஆட்புலங்கள்' பட்டியலில் இன்னும் எஞ்சியிருக்கும் 17 இடங்களுள் இதுவும் ஒன்று. அப்பட்டியலிலிருந்து வெளியேறும் வாய்ப்பு இருமுறை வந்தது. இரண்டாம் முறை 16 வாக்குகளில் தவறிப்போனது. அன்றாட வாழ்வில் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் ஒரு சிறு மக்கள்கூட்டம், சட்டப்படியான தன்னாட்சிக்கு ஏன் தயங்கியது என்பது எளிய கேள்வி அன்று. அதற்கான விடை இத்தீவுகளின் மண்ணிலும் வரலாற்றிலும் கலந்து கிடக்கிறது.

பெயர்

'டோக்கெலாவ்' என்ற சொல்லுக்கு உள்ளூர் மொழியில் வடக்குக் காற்று என்று பொருள். ஐரோப்பியர் இத்தீவுகளை நெடுங்காலம் 'யூனியன் தீவுகள்' என்று அழைத்து வந்தனர். 1946 இல் 'டோக்கெலாவ் தீவுகள்' என்ற பெயர் அரசுமுறையில் ஏற்கப்பட்டது. 1976 இல் அது 'டோக்கெலாவ்' எனச் சுருங்கியது.

பெயர்களை ஒலிப்பதில் ஒரு சிறு எச்சரிக்கை. டோக்கெலாவ் மொழியில் 'ங்' ஒலியைக் குறிக்க உரோமன் நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்தைப் பயன்படுத்துகின்றனர். ஆகவே ஆங்கில நூல்களைப் பார்த்து 'ஒலோஹெகா' என்று நாம் எழுதிவிடக்கூடிய தீவின் உண்மையான ஒலிப்பு 'ஒலோஹெங்கா' என்பதாகும்.

புவியியல்

மூன்று தீவுகளும் தென் அகலக்கோடு 8 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரே வரிசையில் அமைந்துள்ளன. வடமேற்கில் அத்தாஃபு, நடுவில் நுக்குனோனு, தென்கிழக்கில் ஃபக்காவோஃபோ. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாது. இடையில் 60 முதல் 90 கிலோமீட்டர் வரை திறந்த கடல்.

பவளத்தீவு என்பது ஒரே நிலத்துண்டு அன்று. மூழ்கிப்போன எரிமலையின் விளிம்பைச் சுற்றிப் பவளப்பார் வளையமாக வளர்ந்து நிற்கும். அவ்வளையத்தின் மீது அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணலும் பவளச் சிதைவும் சேர்ந்து சிறு சிறு திட்டுகளாக இருக்கும். வளையத்தின் உள்ளே அமைதியான கடற்காயல். வளையத்தின் சுற்றளவு பெரிதாக இருந்தாலும் கால் வைக்கக்கூடிய நிலம் மிகக் குறைவு. நுக்குனோனு மூன்றிலும் நிலப்பரப்பில் பெரியது, அத்தாஃபு சிறியது. எந்த இடமும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டருக்கு மேல் உயரமில்லை. ஒரு தென்னை மரத்தின் பாதி உயரம் கூட இல்லாத நாடு என்று சொன்னால் மிகையாகாது.

மண் என்று சொல்வதும் பெயரளவில்தான். பவள மணலில் தென்னை, தாழை, ஈரப்பலா ஆகியவை வளர்கின்றன. வாழையும் உண்டு. சேம்பு வேண்டுமானால் குழி தோண்டி, இலைதழைகளைப் போட்டு மக்கவைத்து, அதில்தான் நடவேண்டும். ஆறு இல்லை, ஏரி இல்லை. குடிநீர் முழுவதும் கூரையில் விழும் மழைநீரே. ஒவ்வொரு வீட்டோடும் ஒரு தொட்டி இருக்கும். ஆண்டின் பெரும்பகுதி நல்ல மழை பெய்வதால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் மழை பொய்த்தால் வேறு வழி இல்லை. 2011 அக்டோபரில் அப்படித்தான் தொட்டிகள் வற்றின. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, வெளியிலிருந்து கப்பலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது.

குடியிருப்புகள் திட்டுகள் எல்லாவற்றிலும் பரவியிருக்கவில்லை. தீவுக்கு ஒரு ஊர் என்பதே வழக்கம். ஃபக்காவோஃபோவின் பழைய ஊர் 'ஃபாலே' என்ற மிகச் சிறிய திட்டில் வீட்டோடு வீடு ஒட்டி நெருக்கமாக அமைந்திருக்கிறது. அங்கு இடம் போதாமல், 1960களில் 'ஃபெனுவா ஃபாலா' என்னும் பக்கத்துத் திட்டில் இரண்டாவது குடியிருப்பு உருவாயிற்று.

இங்கு செல்ல ஒரே வழி சமோவாவின் தலைநகரான ஆப்பியாவிலிருந்து புறப்படும் கப்பல். முதல் தீவை அடையவே ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிடும். கப்பல் பவளப்பாருக்கு வெளியே ஆழ்கடலிலேயே நிற்கும். பாரை வெட்டி அமைத்த குறுகிய வாய்க்கால் வழியாகச் சிறு படகுகள் வந்து ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் எரிபொருளையும் இறக்கிச் செல்லும். அலை மிகுந்தால் இறக்க முடியாது, காத்திருக்க வேண்டியதுதான். கடும் நோயாளிகளும் இதே வழியில்தான் ஆப்பியா மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 2016 முதல் 'மத்தாலிக்கி' என்ற கப்பல் இப்பணியில் ஈடுபட்டு வருகிறது.

தொடக்க வரலாறு

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு மக்கள் குடியேறிவிட்டனர் என்பதைத் தொல்லியல் சான்றுகள் காட்டுகின்றன. மொழியும் மரபுக் கதைகளும் சமோவா, துவாலு ஆகியவற்றோடு நெருங்கிய உறவைச் சொல்கின்றன. தொடக்கத்தில் தனித்தனியாக இருந்த தீவுகளை ஃபக்காவோஃபோ போரிட்டு வென்று தன் தலைமையின் கீழ் கொண்டுவந்தது. ஃபக்காவோஃபோவிலிருந்து அத்தாஃபுவுக்கு அனுப்பப்பட்ட தோனுயியா என்பவரின் ஏழு மக்களிடமிருந்து தாங்கள் தோன்றியதாக அத்தாஃபு மக்கள் கூறுவர். 'டுயி டோக்கெலாவ்' என்ற தெய்வத்தின் வடிவாக ஃபக்காவோஃபோவில் ஒரு பவளக்கல் நாட்டப்பட்டு, பாய்களால் போர்த்தி வழிபடப்பட்டது.

ஐரோப்பியருள் முதலில் வந்தவர் ஆங்கிலேயக் கப்பல் தலைவரான ஜான் பைரன். 1765 ஜூன் மாதம் அத்தாஃபுவைக் கண்டு அதற்கு 'யார்க் கோமகன் தீவு' எனப் பெயரிட்டார். 1791 இல் 'பௌண்டி' கப்பல் கலகக்காரர்களைத் தேடி வந்த 'பண்டோரா' கப்பலின் தலைவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ் அத்தாஃபுவில் இறங்கியபோது அங்கு ஆட்கள் இல்லை. ஆனால் வீடுகளும் தோணிகளும் மீன்பிடிக் கருவிகளும் இருந்தன. அடுத்த சில நாட்களில் அவர் நுக்குனோனுவையும் கண்டார். ஃபக்காவோஃபோவை 1835 இல் ஓர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் கண்டது.

1841 இல் அமெரிக்க அரசின் ஆய்வுப் பயணக் குழு வந்தது. அது பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஃபக்காவோஃபோவில் சமையலுக்கான அடையாளமோ தீ மூட்டிய தடயமோ காணவில்லை என்று அக்குழுவின் தலைவர் சார்ல்ஸ் வில்க்ஸ் தம் பயண நூலில் எழுதிவிட்டார். 'நெருப்பையே அறியாத மக்கள்' என்று ஐரோப்பிய அறிஞர் சிலர் அதை எடுத்துக்காட்டத் தொடங்கினர். ஆனால் அதே குழுவில் இருந்த மொழியறிஞர் ஹொரேஷியோ ஹேல் தொகுத்த ஃபக்காவோஃபோ சொற்பட்டியலில் நெருப்புக்கு 'அஃபி' என்ற சொல் தெளிவாக இருந்தது. மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் பின்னர் இதைச் சுட்டிக்காட்டி அக்கருத்தை மறுத்தார். சில நாட்கள் கரையில் நின்று பார்த்ததை வைத்து ஒரு மக்களின் அறிவை அளந்துவிட்ட கதைகள் பசிபிக்கில் பல உண்டு. இங்கு பிழையைக் காட்டிக்கொடுத்தது அம்மக்களின் சொல்லே.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறித்தவம் இரு வழிகளில் வந்தது. சமோவாவிலிருந்து வந்த சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்கள் அத்தாஃபுவில் வேரூன்றினர். நுக்குனோனு கத்தோலிக்கத் தீவாயிற்று. ஃபக்காவோஃபோவில் இரண்டும் நிலைத்தன. அந்தப் பிரிவு பெரும்பாலும் இன்றும் அப்படியே தொடர்கிறது.

1863 ஆம் ஆண்டு

டோக்கெலாவின் வரலாற்றை இரண்டாகப் பிளந்த ஆண்டு 1863. பெரு நாட்டின் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஆள் தேடிக் கிளம்பிய கப்பல்கள் பசிபிக் தீவுகளில் மனிதவேட்டை நடத்திவந்த காலம் அது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவை டோக்கெலாவுக்கு வந்தன. ஏமாற்றியும் வலுவில் பிடித்தும் 250க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன. அவர்களுள் பெரும்பாலோர் உடல்வலு உள்ள ஆண்கள். அன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரே வீச்சில் போய்விட்டனர். அம்மை நோயிலும் வயிற்றுக்கடுப்பிலும் அவர்களுட் பலர் மாண்டனர். திரும்பியவர்கள் மிகச் சிலரே.

மீன் பிடிக்கவும் தோணி செதுக்கவும் மரம் ஏறவும் ஆளில்லாத தீவுகளில் பெண்களும் முதியோரும் குழந்தைகளும் எஞ்சினர். பின்வந்த பத்தாண்டுகளில் பிற பொலினீசியத் தீவினரும், போர்த்துகல், ஸ்காட்லாந்து, ஜெர்மனி, பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து கடலோடிகளாக வந்தவர்களும் இங்கே மணந்து தங்கினர். இன்றும் டோக்கெலாவில் ஐரோப்பியக் குடும்பப் பெயர்கள் வழங்குவதற்கு இதுவே காரணம். பழைய தலைவரின் ஆட்சி வலுவிழந்து, குடும்ப மூத்தோர் கூடி முடிவெடுக்கும் 'தவுப்புலெங்கா' என்னும் ஊரவை மேலோங்கியதும் இப்பேரழிவுக்குப் பின்னரே.

மாறிய கொடிகள்

1889 ஜூன் மாதம் 'எஜீரியா' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மூன்று தீவுகளுக்கும் வந்து கொடியேற்றி, அவற்றைப் பிரித்தானியக் காப்பரசாக அறிவித்தது. 1916 இல் அவை கில்பர்ட் எலிசு தீவுகள் குடியேற்றத்துடன் இணைக்கப்பட்டன. நிர்வாக மையம் மிகத் தொலைவில் இருந்ததால் இந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை. 1926 முதல் நியூசிலாந்து, அப்போது தன் பொறுப்பில் இருந்த மேற்குச் சமோவா வழியாக இவற்றை நிர்வகித்தது. 1948 ஆம் ஆண்டின் டோக்கெலாவ் சட்டப்படி, 1949 சனவரி 1 முதல் இத்தீவுகள் நியூசிலாந்தின் ஒரு பகுதியாயின.

இத்தனை கைமாறல்களிலும் தீவு மக்களின் அன்றாட வாழ்வில் வெள்ளைய அதிகாரி எவரும் நிலையாகத் தங்கியதில்லை. எடுத்துச்செல்லக் கொப்பரைத் தேங்காயைத் தவிர வேறு எதுவும் இல்லாததே அதற்குக் காரணம். அந்த வறுமை ஒருவகையில் காப்பாகவும் இருந்தது. ஊரவைகள் தம் போக்கில் இயங்கின.

நான்காவது தீவு

டோக்கெலாவ் மக்களைக் கேட்டால் தம் தீவுகள் மூன்றல்ல, நான்கு என்று சொல்வோர் உண்டு. ஃபக்காவோஃபோவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒலோஹெங்காதான் அந்த நான்காவது. உலக வரைபடங்களில் இது 'சுவெயின்சு தீவு' எனக் குறிக்கப்பட்டிருக்கும். 1856 இல் எலி ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கர் தம் சமோவா மனைவியுடன் அங்கு குடியேறித் தென்னந்தோப்பு அமைத்தார். தீவு அக்குடும்பத்தின் உடைமைபோல் ஆயிற்று. டோக்கெலாவ் மக்கள் அங்கு கொப்பரை வேலை செய்தனர். 1925 இல் அமெரிக்கா அதை அமெரிக்கச் சமோவாவுடன் இணைத்துக்கொண்டது.

சிக்கல் அத்துடன் முடியவில்லை. மற்ற மூன்று தீவுகளின் மீதும் அமெரிக்காவுக்குப் பழைய உரிமைக் கோரிக்கை ஒன்று தாளில் இருந்தது. 1980 டிசம்பர் 2 அன்று அத்தாஃபுவில் கையெழுத்தான 'தோக்கெஹெங்கா உடன்படிக்கை' இரண்டையும் ஒரே பரிமாற்றமாக முடித்தது: அமெரிக்கா மூன்று தீவுகளின் மீதான கோரிக்கையைக் கைவிட்டது, ஒலோஹெங்கா அமெரிக்காவுடையது என்பதை டோக்கெலாவ் சார்பில் நியூசிலாந்து ஏற்றது. டோக்கெலாவ், ஒலோஹெங்கா என்ற இரு பெயர்களையும் ஒட்டி உருவாக்கிய சொல்லே உடன்படிக்கையின் பெயர். பிரிப்பதற்காக எழுதப்பட்ட ஆவணத்தின் பெயரில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 2006 இல் உருவான அரசியலமைப்பு வரைவு, ஒலோஹெங்காவை வரலாற்று வழியில் டோக்கெலாவின் பகுதியாகவே குறிப்பிட்டது.

இனாத்தி

டோக்கெலாவ் சமூகத்தைப் புரிந்துகொள்ள 'இனாத்தி' என்ற ஒரு சொல் போதும். ஊருக்காகப் பிடித்த மீன், கரையில் சிக்கிய ஆமை, கப்பலில் வந்த பொதுப் பொருள் எதுவாயினும் ஊர்ப் பொதுவிடத்தில் குவிக்கப்படும். பங்கு பிரிப்பதற்கென்றே பொறுப்பாளர்கள் உண்டு. குடும்பத்தில் எத்தனை தலை என்பதே கணக்கு. கடலுக்குப் போனவர் யார், போகாதவர் யார் என்பது கணக்கில் வராது. கைம்பெண் வீட்டுக்கும் முதியவர் வீட்டுக்கும் கைக்குழந்தைக்கும் சமபங்கு. குழந்தைகள் கூடையுடன் வந்து வீட்டுப் பங்கை வாங்கிச் செல்வார்கள்.

இதைத் தாராள மனத்தின் வெளிப்பாடு என்று மட்டும் பார்ப்பது சரியாகாது. மண் விளைச்சல் குறைந்த, புயல் வந்தால் ஒரே இரவில் எல்லாம் போய்விடக்கூடிய தீவில் ஒருவர் சேர்த்துவைத்து ஒருவர் பட்டினி கிடந்தால் ஊரே நிலைக்காது. சம்பளமும் கடைச்சரக்கும் வந்த பிறகும் இனாத்தி மறையவில்லை என்பதுதான் வியப்புக்குரியது. அரசு வேலையில் இருப்பவருக்கும் ஊர்ப்பணியில் இருப்பவருக்கும் இடையே வருமான வேறுபாடு தோன்றியிருக்கிறது; பங்கீடு அதை ஓரளவு சமன் செய்கிறது, முழுமையாக அல்ல.

ஆண்கள் 'அவுமாங்கா' என்னும் உழைப்புக் குழுவாகச் செயற்படுகின்றனர். பெண்களுக்கு 'ஃபாத்துப்பயெப்பயெ' என்ற அமைப்பு உண்டு. தாழையோலைப் பாய், தொப்பி, விசிறி முடைவது முதல் ஊர்த் தூய்மை வரை அதன் பொறுப்பு. தோணி செதுக்குவதற்கு 'கனவா' எனப்படும் மரமே ஏற்றது. அது எளிதில் கிடைக்காததால் பல துண்டுகளை வடக்கயிற்றால் இணைத்துத் தைத்த தோணிகளையே செய்துவந்தனர். மீனவர் தூண்டில் முதலியவற்றை நனையாமல் வைக்கும் மூடியுள்ள மரப்பெட்டிக்குத் 'துலுமா' என்று பெயர். நாட்டின் சின்னத்தில் இடம்பெற்றிருப்பது சிங்கமோ கழுகோ அன்று, அந்தப் பெட்டிதான்.

விளையாட்டில் 'கிலிகிதி' எனும் தீவு வகைக் கிரிக்கெட் பெரும் விருப்பத்துக்குரியது. ஆட்டத்தில் 'ஃபாத்தெலே' எனும் குழு நடனம். மரப்பெட்டியைத் தட்டி மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டிக்கொண்டே போவார்கள்.

கடல் கடந்தோர்

1966 இல் வீசிய கடும் புயல் பயிர்களை அழித்தது. மக்கள்தொகை கூடிவிட்டது, நிலம் தாங்காது என்ற கவலை முன்பே இருந்தது. நியூசிலாந்து அரசின் மறுகுடியமர்வுத் திட்டத்தின் கீழ் 1970களின் நடுப்பகுதி வரை குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கு சென்றனர். பின்னர் தாமாகவே சென்றவர் பலர். 2018 நியூசிலாந்துக் கணக்கெடுப்பில் தம்மை டோக்கெலாவர் எனப் பதிந்தோர் 8,676 பேர். வெலிங்டனை ஒட்டிய பொரிருவாவிலும் ஹட் பள்ளத்தாக்கிலும் அவர்கள் செறிந்து வாழ்கின்றனர். தாயகத்தில் இருப்போரைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலானோர் வெளியே இருக்கிறார்கள்.

இந்த இடப்பெயர்வு மருத்துவ உலகில் புகழ்பெற்ற ஓர் ஆய்வுக்கு வழிவகுத்தது. மருத்துவர் இயன் பிரையர் தலைமையிலான குழு, தீவில் தங்கியவர்களையும் நியூசிலாந்துக்குச் சென்றவர்களையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தது. சென்றவர்களிடம் உடற்பருமன், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை கூடின. தீவில் இருந்தோர் தம் உணவு ஆற்றலில் ஏறத்தாழ 63 விழுக்காட்டைத் தேங்காயிலிருந்தே பெற்றனர். அவர்களின் இரத்தக் கொழுப்பு அளவு, தேங்காயை அவ்வளவு உண்ணாத புக்காபுக்கா தீவினரைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆயினும் இதயக் குழாய் நோய் இரு தீவிலும் அரிதாக இருந்தது. தேங்காய் எண்ணெய் பற்றிய வாதங்களில் இந்த ஆய்வைப் பாதி மட்டும் மேற்கோள் காட்டுவோர் மிகுதி. அம்மக்கள் மீனும் தேங்காயும் ஈரப்பலாவும் உண்டு நாள் முழுதும் உடலுழைப்பில் இருந்தவர்கள் என்ற மறுபாதியையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

டோக்கெலாவ் மொழியின் நிலை கவலைக்குரியது. நியூசிலாந்தில் பிறந்து வளரும் தலைமுறையில் அதைப் பேசுவோர் குறைந்துவருகின்றனர். ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியில் அங்கு டோக்கெலாவ் மொழி வாரம் கொண்டாடப்படுகிறது. இம்மொழியை அறியாமலே கேட்டிருப்போர் தமிழ் வாசகர்களிலும் இருப்பர்: 2016 இல் வெளிவந்த 'மோனா' அசைவூட்டத் திரைப்படத்தின் பாடல்களில் டோக்கெலாவ் மொழி வரிகளைத் தந்தவர் அவ்வழியில் வந்த இசைக்கலைஞர் ஒப்பெத்தாயியா ஃபோவாயி.

ஆட்சிமுறை

ஒவ்வொரு தீவுக்கும் தன் ஊரவை உண்டு. உண்மையான அதிகாரம் அங்கேதான். தீவு ஒவ்வொன்றும் 'ஃபயிப்புலே' எனப்படும் தலைவரையும் 'புலெனுக்கு' எனப்படும் ஊர்த்தலைவரையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறது. மூன்று தீவுகளின் பேராளர்கள் கூடுவது 'பொது ஃபோனோ' என்னும் பேரவை. ஆறு தலைவர்களும் அமைச்சரவைபோல் செயற்படுவர். நாட்டின் தலைவரான 'உலு' என்னும் பதவி மூன்று ஃபயிப்புலேக்களிடையே ஆண்டுக்கொருவராகச் சுழலும். அவருடைய தீவே அந்த ஆண்டின் ஆட்சி மையம். நியூசிலாந்து அமர்த்தும் ஆட்சியாளரின் அதிகாரங்கள் 1990களிலும் 2004 இலும் படிப்படியாகப் பேரவைக்கும் ஊரவைகளுக்கும் கைமாற்றப்பட்டன. நெடுங்காலமாக அரசு அலுவலகத்தின் பெரும்பகுதி இருப்பது சமோவாவின் ஆப்பியாவில். கப்பல் புறப்படுவது அங்கிருந்துதான் என்பதால் வேறு நாட்டு நகரில் அலுவலகம் வைக்க வேண்டியதாயிற்று.

இரண்டு வாக்கெடுப்புகள்

நியூசிலாந்துடன் 'சுதந்திர இணைவு' பெற்ற தன்னாட்சி நாடாக மாறுவதா என்பதற்கு 2006 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் பார்வையாளர் முன்னிலையில் வாக்கெடுப்பு நடந்தது. குக் தீவுகளும் நியுவேயும் ஏற்கெனவே பெற்றிருந்த நிலை அது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என டோக்கெலாவ் பேரவையே வரையறுத்திருந்தது. 581 வாக்குகளில் 349 ஆதரவு, 60 விழுக்காடு. போதவில்லை. 2007 அக்டோபரில் மீண்டும் நடந்தது. 692 வாக்குகளில் 446 ஆதரவு, 64.4 விழுக்காடு. இன்னும் 16 வாக்குகள் கிடைத்திருந்தால் நிறைவேறியிருக்கும்.

தயங்கியவர்களின் அச்சம் வெற்று அச்சம் அன்று. இணைவு உடன்பாடு குடியுரிமையும் உதவியும் தொடரும் என்று உறுதி கூறியது. ஆனால் தாளில் எழுதிய உறுதியைவிட, ஆளும் நாடு என்ற பொறுப்பு வலுவானது என்று பலர் எண்ணினர். பள்ளி, மருத்துவம், கப்பல் எல்லாவற்றுக்கும் நியூசிலாந்து நிதியே அடிப்படை. நியூசிலாந்தில் வாழும் டோக்கெலாவருக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் தீவில் உள்ள உறவினரிடம் அவர்களின் சொல்லுக்கு எடை உண்டு, அவர்களுட் பலர் மாற்றத்தை விரும்பவில்லை. மறுபக்கம், மூன்றில் இரண்டு என்ற உயர்ந்த வரம்பைத் தாமே வைத்துக்கொண்டதையும் மறந்துவிடக் கூடாது. கருத்தொருமை வரும்வரை பேசிக்கொண்டேயிருக்கும் ஊரவை மரபில் வளர்ந்தவர்களுக்கு, பாதிக்கு ஒன்று கூடுதல் என்பதை வைத்து நாட்டின் தலைவிதியை முடிவுசெய்வது முறையாகத் தோன்றியிராது. காலனியம் ஒழியவேண்டும் என்று வற்புறுத்தியது பெரும்பாலும் வெளியுலகமே என்பது இந்த வாக்கெடுப்புகளின் விந்தை.

பின்னர் இப்பேச்சு ஒதுக்கிவைக்கப்பட்டது. 2009 இல் நாட்டுக்குத் தனிக்கொடி கிடைத்தது: நீல நிறப் பின்னணியில் பாய் விரித்த தோணி ஒன்று தென்சிலுவை விண்மீன்களை நோக்கிச் செல்வது போன்றது. 2011 டிசம்பர் இறுதியில் சமோவாவுடன் சேர்ந்து டோக்கெலாவும் பன்னாட்டு நாள்கோட்டின் மறுபக்கம் மாறியது. அந்த ஆண்டு அங்கு டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை.

பொருளாதாரமும் இணைப்புகளும்

நிலம் 12 சதுர கிலோமீட்டர் என்றாலும், சுற்றியுள்ள தனிப் பொருளாதார மண்டலம் ஏறத்தாழ 3,19,000 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு. அங்கு சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் செலுத்தும் உரிமக் கட்டணமே டோக்கெலாவின் முதன்மையான சொந்த வருவாய்.

1997 இல்தான் இங்கு தொலைபேசிச் சேவை வந்தது. ஆனால் இணையத்தில் டோக்கெலாவின் பெயர் தாறுமாறாகப் பரவியது. அதன் நாட்டுக் குறியீடான 'டாட் டிகே' இணைய முகவரிகளை ஒரு வெளிநாட்டு நிறுவனம் உலகெங்கும் இலவசமாக வழங்கியதால், ஒரு கட்டத்தில் பெரிய நாடுகளின் குறியீடுகளையும் மிஞ்சிப் பல மில்லியன் முகவரிகள் பதிவாயின. தீவுகளுக்குச் சிறிது வருவாயும் மோசடித் தளங்களின் புகலிடம் என்ற கெட்ட பெயரும் சேர்ந்தே கிடைத்தன. 2023 இல் புதிய இலவசப் பதிவுகள் நின்றன. இதற்கு முந்தைய ஆண்டுதான் கடலடிக் கம்பிவடம் மூலம் வேகமான இணைய இணைப்பு தீவுகளுக்கே வந்து சேர்ந்தது.

2012 அக்டோபரில் டோக்கெலாவ் உலகச் செய்தியாயிற்று. அதுவரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பீப்பாய் டீசல் இறக்கி மின்னாக்கிகளை ஓட்டிவந்த தீவுகள், 4,032 சூரியத் தகடுகளும் 1,344 மின்கலங்களும் நிறுவித் தம் மின்தேவையைக் கதிரவனிடமிருந்தே பெறத் தொடங்கின. செலவை நியூசிலாந்து ஏற்றது. எரிபொருள் பீப்பாய்களைப் பாருக்கு வெளியிலிருந்து படகில் உருட்டி இறக்கும் ஆபத்தான வேலை பெருமளவு குறைந்தது.

உயரும் கடல்

2005 இல் வீசிய பெர்சி புயலின்போது கடல்நீர் ஊருக்குள் புகுந்து வீடுகளையும் தோட்டங்களையும் சேதப்படுத்தியது. உப்புநீர் புகுந்த சேம்புக் குழி மீண்டும் விளைய நெடுநாள் ஆகும். ஊர்களைச் சுற்றிக் கடற்சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. அதுவும் அலையின் வேகத்தைக் குறைக்கும், மட்டத்தைக் குறைக்காது.

எல்லோரும் நியூசிலாந்துக் குடிமக்கள் ஆகையால், நிலம் வாழத் தகாததானால் போவதற்கு இடம் இருக்கிறது. வாக்கெடுப்புகள் நடந்த காலத்தில் அண்டை நாடான துவாலுவுக்கு இல்லாத வாய்ப்பு இது. வாக்கெடுப்பில் தயங்கியவர்கள் மனத்தில் இதுவும் இருந்திருக்கக்கூடும். ஆனால் ஆட்கள் போகலாம், இனாத்தி போகாது. ஊர்ப் பொதுவிடத்தில் குவிக்க மீனும் அதைப் பிரிக்க ஊரும் வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் எல்லைகள் கரையிலிருந்தே அளக்கப்படுகின்றன; கரை கரைந்தால் 3,19,000 சதுர கிலோமீட்டர் கடலும் அதன் சூரை மீனும் யாருக்கு? பசிபிக் தீவுகள் மன்றம் 2021 ஆகஸ்டில், ஒருமுறை அறிவித்த கடல் மண்டலங்கள் கடல்மட்ட உயர்வால் குறையமாட்டா என்று அறிவித்தது. டோக்கெலாவ் அம்மன்றத்தின் இணை உறுப்பினர்.